பிறனாக்கம் பேணிய அடிகளார்

கத்தோலிக்க மரபில் தலையான பாவங்கள் ஏழு என்று எண்ணுவர். அவற்றுள் ஒன்றற்குப் பழைய ஞானோபதேச நூல்கள் இட்ட பெயர் காய்மகாரம் என்பது. சொல்லைக் கேட்ட அளவிலே காய்தல் என்னும் வினை நினைவுக்கு வரும். அயலவன் வயல் செழிக்கக் கண்டு தன் நெஞ்சு காய்வதே இதன் இலக்கணம். திருவள்ளுவர் அழுக்காறு என்று பெயரிட்டு, ஓர் அதிகாரம் வகுத்து விலக்கியதும் இதனையே. ஏனைய பாவங்களில் ஏதோ ஒரு சிறு பயனாவது உண்டு. பெருந்தீனி உண்பான் சுவையேனும் காண்கின்றான். கவர்வான் பொருளேனும் பெறுகின்றான். காய்மகாரம் கொண்டவனுக்கோ எரிச்சலன்றி வேறொன்றும் கிட்டுவதில்லை.

இந்நோய் கற்றாரிடத்துக் குறைவு என்று கருதுவோர் கற்றாரொடு நெருங்கிப் பழகாதவரே ஆவர். ஒருவர் நூல் எழுதினால் அதற்குக் கண்டனம், கண்டனத்துக்குப் பரிகாரம், பரிகாரத்துக்கு மறுபடியும் கண்டனம் என்று அச்சுக்கூடங்களுக்கு ஓயாது வேலை கொடுத்த நாடு நம் யாழ்ப்பாணம். அவற்றுட் பல கொள்கை பற்றி எழுந்தவை என்பதை மறுக்கவில்லை. பிறர் புகழ் பொறாமையால் எழுந்தவையும் அவற்றோடு கலந்திருந்தன என்பதை மறைக்கவும் வேண்டுவதில்லை. ஆசிரியத் தொழில் செய்வார்க்கு இவ்வகையில் ஒரு தனிச் சோதனையும் உண்டு. தம்மிடம் அகரம் கற்றவன் தம்மினும் மேலான பட்டத்தோடு வந்து நிற்கும் நாளில், வாய் வாழ்த்துரைக்க உள்ளம் வேறொன்று உரைத்தல் எளிது. இத்தகைய மண்ணிலே, தீவகம் தந்த ஒரு துறவி, பிறர் ஆக்கத்தைத் தம் ஆக்கமாகவே கொண்டு வாழ்ந்து முடித்தார். அவர் தனிநாயக அடிகளார்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தார். தந்தையார் நெடுந்தீவைச் சார்ந்தவர். தாயார் கரம்பனைச் சார்ந்தவர். இரு தீவுகளின் உறவில் விளைந்த பிள்ளை எனலாம். ஊர்காவற்றுறை பாய்க்கப்பல்கள் வந்துபோன பழந்துறை. கடல் நடுவே கடற்கோட்டையைக் கண்முன் கொண்ட ஊர். பனையும் கடலும் அன்றி வேறு செல்வம் மிகுதியாக இல்லாத இந்நிலத்தார், கல்வியையும் கடல் கடத்தலையுமே கைப்பொருளாகக் கொண்டனர். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர் பெற்ற அச்சிறுவரும் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்று, கொழும்புப் புனித பெர்னாட் குருமடத்தில் மெய்யியல் கற்று, அங்கிருந்து உரோமை நகர்க்குக் கடல் கடந்தார். 1938இல் குருப்பட்டமும், 1939இல் உர்பன் பல்கலைக்கழகத்தின் இறையியல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அவர் உரோமையில் ஆராய்ந்த பொருள் யாது என்பதை நம்மவர் பெரும்பாலும் ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுவர். அஃது ஈண்டுச் சற்று நின்று நோக்கத்தக்கது. வட ஆபிரிக்காவில் இருந்த கார்த்தேசு நகரின் ஆயராகிய புனித சிப்ரியான் காலத்துக் குருகுலமே அவ்வாய்வுக்குப் பொருள். சிப்ரியான் சொல்வன்மை மிக்க பேராசான். நடு வயதிற் கிறித்துவம் தழுவியவர். திருமுழுக்குப் பெற்ற சில ஆண்டுகளுக்குள்ளே, ஏறத்தாழக் கி.பி. 248-249 அளவில், மக்கள் விருப்பத்தால் ஆயராக உயர்த்தப்பட்டார். நெடுங்காலம் பணிசெய்து நரைத்த மூத்த குருக்கள் இதனை எங்ஙனம் பொறுப்பர்? நேற்று வந்தவன் நம்மை ஆள்வதோ என்று ஐவர் முரணினர். அம்முரண் பின்னாளில் திருச்சபையைப் பிளக்கும் பூசலாகவும் வளர்ந்தது. 258இல் வாளுக்குத் தலைகொடுத்து மறைச்சான்றாளரான சிப்ரியான், அதற்கு முன் பொறாமையைப் பற்றி இலத்தீன் மொழியிற் சிறு நூல் ஒன்றே செய்து வைத்தார். காயீன் ஆபேலைக் கொன்றதும், யோசேப்பை உடன்பிறந்தார் விற்றதும், தாவீதைப் பாடிய மகளிர் பாட்டுச் சவுல் மன்னன் செவியில் நஞ்சாய்ப் புகுந்ததும் அந்நூலில் வரிசையாக வந்து நிற்கும். ஏனைய குற்றங்கள் செய்து முடித்த அளவில் ஓயும். பொறாமைக்கோ முடிவென்பதே இல்லை என்பது அவர் துணிபு. அவர் கூறும் மருந்து மிக எளியது. நல்லாரைப் பின்பற்ற முடியுமாயின் பின்பற்றுக. இயலாதாயின் அவரோடு சேர்ந்து மகிழ்வதேனும் செய்க. மகிழ்ந்தால் அவர் பெற்ற பேற்றில் உனக்கும் பங்கு உண்டு என்பதே அம்மருந்தின் சாரம்.

கார்த்தேசுக் குருக்களின் வரலாற்றைத் துருவியவர் இந்நூலை அறியாதிருந்திருத்தல் இயலாது. அடிகளாரின் பிற்கால வாழ்க்கையை நோக்குவார்க்கு, இளமையிற் கற்ற அப்பாடம் ஏட்டில் நின்றுவிடவில்லை என்பது விளங்கும்.

முதற் சோதனை தமிழ்நாட்டிலே வந்தது. 1940இல் அவர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்குப் புனித தெரேசாள் பள்ளிப் பணிக்காக வந்தார். வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் அது. 1745இல் நீலகண்டர் என்பார் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனதும் அவ்வூரிலேதான். அவர் 2022இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்றார். இத்தகைய ஊருக்கு வந்த அடிகளாரிடம் இலத்தீன் இருந்தது, இத்தாலியம் இருந்தது, ஆங்கிலமும் பிரெஞ்சும் இருந்தன. தாய்மொழியின் பழைய இலக்கியம் மட்டும் இல்லை. அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளில் வளர்ந்தார் அனைவர்க்கும் பொதுவாயிருந்த குறை அது. நாட்டுப்புறத்துப் பள்ளியில் வேட்டியும் மேற்றுண்டுமாக வரும் தமிழாசிரியர் தொல்காப்பியத்தையும் சங்கத் தொகைகளையும் மனத்திலிருந்து எடுத்துரைக்க, உரோமையில் முனைவரானவர் வாய்மூடியிருக்க வேண்டிய நிலை.

இந்நிலையில் மனிதர் செய்யக்கூடுவன இரண்டு. எதிரிலிருப்பவன் கற்றதைச் சிறிதென்று பழித்துத் தன் வெறுமையை மறைத்தல் ஒன்று. ஆங்கிலம் கற்ற நம்மவர் பலரும் தமிழ்ப் பண்டிதர்பாற் செய்தது இதுவே. இதனை அனுபவித்தறிந்த பண்டிதர் கூட்டம் இன்னும் முற்றும் மறையவில்லை. மற்றொன்று, அவன் காலடியில் அமர்ந்து கேட்டல். அடிகளார் இரண்டாவதைத் தேர்ந்தார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பாரிடம் முறையாகப் பாடம் கேட்டார். கத்தோலிக்கக் குருவுக்கு அந்தணர் ஆசிரியராயினார். இவர் பெற்ற பட்டங்களை அவர் அறியார்; அவர் கற்ற நூல்களை இவர் அறியார். ஆயினும், அறியாமையை ஒப்புக்கொண்டவர் யாரோ அவரே அவ்விருவருள் மாணாக்கர் ஆனார்.

அவ்வளவில் அமைந்தாரல்லர். 1945இல், முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து மீண்டும் மாணவர் வாங்கில் அமர்ந்தார். தம்மினும் இளையரோடு ஒருங்கிருந்து தமிழ் கற்று, 1949இல் எம். லிட். பட்டத்துக்கென எழுதிய ஆய்வே பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றிய ஆங்கில நூலாயிற்று. முல்லையும் நெய்தலும் கிரேக்க, இலத்தீன் புலவர் பாடிய நிலங்களோடு ஒப்புநோக்கப்பட்டன. பிந்திக் கற்றவன் முந்திக் கற்றாரை நிழலாக்குதல் எளிதாயிருந்த இடம் இது. திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணியில் வந்த வேலையாள் முழுக்கூலி பெற்றதை விவிலியம் உவமையாகக் கூறும். அவ்வுவமையில் முணுமுணுத்தவர் முதலில் வந்தவர். கடைசியில் வந்தவர் செருக்குவதற்கும் அங்கே இடமுண்டு. அடிகளார் அவ்விடத்தை நிரப்பவில்லை. தம் முன்னோர் பெயராகிய தனிநாயகம் என்பதைத் தம் பெயராக்கிக் கொண்டதும், தூத்துக்குடியில் 1948இல் தமிழ் இலக்கியக் கழகம் நிறுவியதும் இக்காலத்து நிகழ்ச்சிகள். பின்னர்க் கீழ்நாடும் மேல்நாடும் சுற்றித் தமிழ் பற்றிச் சொற்பொழிவாற்றினார். தமிழ்த்தூது என்னும் நூல் 1952இல் வெளிவந்தது.

அதே 1952இல் தொடங்கியது தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில முத்திங்கள் ஏடு. ஏட்டாசிரியர் ஒருவருக்குக் கையிலே கத்தரிக்கோல் உண்டு. தம்மினும் நன்றாக எழுதுவோனை வெட்டவும் வளர்க்கவும் அக்கருவி உதவும். அடிகளார் அதனை எவ்வாறு கையாண்டார் என்பதற்குப் பிராகு நகரத்து இளைஞர் ஒருவர் சான்று. கமில் சுவலபில் 1927இற் பிறந்தவர். அடிகளாரினும் பதினான்கு ஆண்டு இளையர். செக் நாட்டில் இருந்துகொண்டே தமிழ் கற்ற அவருடைய கட்டுரைகளுக்கு அவ்வேடு இடமளித்தது. பின்னாளில் தமிழிலக்கிய வரலாறு எழுதிய மேனாட்டாருள் சுவலபில் பெற்ற பெயர் பெரிது. ஆய்வு நுட்பத்தில் அவர் அடிகளாரைக் கடந்து சென்றார் என்றே நடுநிலை நின்று கூறல் வேண்டும். அதனால் அடிகளாருக்குக் குறைவுண்டு என்று யான் கருதவில்லை.

இவ்விடத்தில் விவிலியத்திலுள்ள பர்னபா என்பாரை நினையாதிருத்தல் அரிது. கிறித்தவரைத் துன்புறுத்திய சவுல் மனந்திரும்பியபோது எவரும் அவரை நம்பவில்லை. பர்னபா ஒருவரே கைப்பிடித்து அழைத்துச் சென்று திருத்தூதர்முன் நிறுத்தினார். பின்னர்த் தார்சு நகருக்கு நேரிற் போய் அவரைத் தேடிக் கொணர்ந்து அந்தியோக்கியாவிற் பணியில் அமர்த்தினார். திருத்தூதர் பணி என்னும் நூலை ஊன்றிப் படிப்பார்க்கு ஒரு நுட்பம் புலப்படும். முதலில் இருவர் பெயரும் பர்னபாவும் சவுலும் என்ற முறையில் வரும். சிறிது போனபின் பவுலும் பர்னபாவும் என்று முறை மாறும். அழைத்து வந்தவர் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார்! இலக்கணம் கற்றவர்க்குப் பெயர் முறைவைப்பின் பொருள் தெரியும். பர்னபா அதுபற்றி முகங்கோணியதாக ஓரெழுத்தும் அந்நூலில் இல்லை. பின்னர் இருவரும் பிரிந்தது உண்மை. அஃது உடன்வருவான் ஒருவனைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் நேர்ந்ததேயன்றிப் புகழ்ப்போட்டியால் அன்று.

நிற்க. இறந்தாருக்கும் உரிய புகழை வழங்குதல் எளிதன்று. இறந்தவர் கண்டதைத் தாம் கண்டதாகக் காட்டும் எழுத்தாளர் எக்காலத்தும் உளர். ஐரோப்பிய நூலகங்களில் அடிகளார் தேடியது பழைய தமிழ் அச்சு நூல்களை. 1554இல் லிசுபனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் ஞானோபதேசம், 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சான பதினாறு பக்கத் தம்பிரான் வணக்கம், 1579இல் கொச்சியில் வந்த கிரிசித்தியானி வணக்கம், 1586இல் வந்த அடியார் வரலாறு ஆகியவற்றைப் பற்றித் தமிழுலகம் தெளிவாக அறியச் செய்தோருள் அவர் முன்னிற்பவர். இவற்றுள் இலிசுபன் நூலை ஆக்குவதில் உழைத்த தமிழர் மூவர் இருந்தனர். அவர்கள் பெயரும் போர்த்துக்கேயப் பெயராகவே பதிவாயிற்று. ஏனையவற்றை ஆக்கியவர் அண்டிரிக்கு அடிகளார் என்னும் போர்த்துக்கேய இயேசு சபைக் குரு. முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து, அவர்தம் மொழியைக் கற்று, நானூறு ஆண்டுகளுக்குமுன் தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றியவர் அவர்.

அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்தில் இருப்பதை வெளிப்படுத்தியவர் தனிநாயக அடிகளார். அதனைப் பதிப்பித்தவர் யார்? இயேசு சபையைச் சார்ந்த ச. இராசமாணிக்க அடிகளார், 1967இல். தம்பிரான் வணக்கத்தையும் கிரிசித்தியானி வணக்கத்தையும் 1963இற் பதிப்பித்தவரும் அவரே. பதிப்புகளை வெளியிட்டதோ தனிநாயகர் நிறுவிய தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம். தேடியவர் ஒருவர், பதிப்பித்துப் பெயர் கொண்டவர் இன்னொருவர். ஏட்டுச் சுவடி ஒன்று கிடைத்துவிட்டால் அதனைப் பெட்டியிற் பூட்டி வைத்து, தானும் பதிப்பியாது பிறர்க்கும் காட்டாது செல்லரிக்க விட்டவர் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களை இத்துடன் வைத்து எண்ணுக. நட்டவன் நானும் நீர் பாய்ச்சியவன் அவனும் பெரிதல்லர், வளரச் செய்தவன் இறைவனே என்னும் கருத்தைப் பவுல் என்னும் சின்னப்பர் கொரிந்தியர்க்கு எழுதினார் அன்றோ. அக்கருத்து ஒரு பதிப்புத்துறைச் செய்தியாக நடந்து முடிந்தது இங்கே.

அந்தாம் தெ புரோயென்சா என்பாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதிக்கும் இத்தகைய வரலாறு உண்டு. மதுரை மிசனில் உழைத்த அவ்விளைஞர் 1666இல் மறைந்தார். நூல் அச்சேறியது 1679இல், மலையாள நாட்டு அம்பலக்காட்டில். தம் உழைப்பு நூலானதைக் கண்ணாற் காணாது போனவர் அவர். வத்திக்கானில் 1954இற் கண்ட படியைக் கொண்டு 1966இற் கோலாலம்பூரில் ஒளிப்பட முறையில் அதனை வெளியிட்டார் அடிகளார். முகப்பிலே முதலில் நிற்பது புரோயென்சாவின் பெயர். அச்சுக்கு ஆயத்தம் செய்தவர் என்ற அளவிலே தம் பெயர். மூன்று நூற்றாண்டுக்கு முன் இறந்த ஒருவருக்குச் சேரவேண்டிய கூலியைக் கடல் பல கடந்து கொண்டுபோய்க் கொடுத்தது போன்றது இச்செயல்.

பேராதனையிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அடிகளார் பணியாற்றியது 1952 முதல் 1961 வரை. தமிழ்த்துறையில் என்று பலர் எண்ணுவர், அன்று, கல்வித்துறையில். தமிழ்ப் பேராசிரியர் இருக்கையில் க. கணபதிப்பிள்ளை வீற்றிருந்த காலம் அது. தமிழின் பெயரால் உலகம் அறிந்த ஒருவர், தம் பல்கலைக்கழகத்தில் தமிழல்லாத துறையில் விரிவுரையாளர். குறைப்பட வேண்டுவார்க்கு இதனினும் நல்ல காரணம் கிடையாது. அவர் செய்தது வேறு. கல்வித்துறையில் இருக்கிறோமாயின் கல்வியைக் கொண்டே தமிழுக்குத் தொண்டு செய்வோம் என்பார் போல, பண்டைத் தமிழிலக்கியத்திற் கல்விச் சிந்தனை என்னும் பொருளை எடுத்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். கிடைத்த நாற்காலி எதுவாயினும் அதிலிருந்து எட்டக்கூடிய வேலையைப் பார்த்தார் என்பதே செய்தி. 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியற் பேராசிரியராகிக் கோலாலம்பூர் சென்றார்.

இனி 1964ஆம் ஆண்டு. புதுதில்லியில் கீழ்த்திசை ஆராய்ச்சியாளரின் 26ஆவது உலக மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழறிஞரையும் திராவிடவியலாளரையும் ஒன்றுசேர்த்துச் சனவரி 7ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்க முயன்றவருள் முதல்வர் அடிகளார். எண்ணம் அவருடையது, கடிதம் எழுதியது, அழைத்தது, கூட்டியது அவர் கை. தலைவர் யார்? பிரான்சு நாட்டுப் பேராசிரியர் சீன் ஃபிலியோசா. கண் மருத்துவராயிருந்து இந்தியவியலுக்கு வந்தவர். புதுச்சேரியிற் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவியவர். அடிகளார் ஏற்றது செயலாளர் பதவி. அதனையும் தனியாக ஏற்கவில்லை. சுவலபிலும் உடன் செயலாளர். முப்பத்தாறு வயதினரோடு ஐம்பது வயதினர் ஒரே பதவியைப் பகிர்ந்துகொண்டார். நம் சங்கங்களிற் செயலாளரையும் தலைவரையும் தேர்ந்தெடுக்கும் நாட்களைப் பார்த்தவர்கள் இதன் அருமையை உணர்வர்.

இதில் தாழ்மை எங்கே வந்தது, சூழ்ச்சித்திறன் அன்றோ இது என்று ஒருவர் வினவலாம். வெளிநாட்டுப் பேரறிஞர் ஒருவர் தலைவராயிருந்தால் உலகம் மதிக்கும், தமிழர் தம்மைத்தாமே புகழ்கின்றனர் என்ற பழி நீங்கும் என்ற கணக்கு அதில் இருந்திருக்கும். இருந்திருக்கும் என்றே யானும் நினைக்கிறேன். அக்கணக்கு நல்ல கணக்கு. தாழ்மையுடையவன் அறிவிலியாயிருத்தல் வேண்டும் என்று எந்த வேதமும் விதிக்கவில்லை. உண்மைச் சோதனை பின்னரே வரும். பிறரைத் தலைவராக்கியபின் அவரைப் பொம்மையாக்கித் தானே ஆட்டுவித்தல் ஒரு வகை; அவர் புகழ் வளரக் கண்டு மெல்ல ஒதுங்கி வேலையைத் தளரவிடல் மற்றொரு வகை. அடிகளார் பத்தாண்டுக்குள் நான்கு மாநாடுகள் நடைபெற உழைத்தார்: கோலாலம்பூர் 1966, சென்னை 1968, பாரிசு 1970, யாழ்ப்பாணம் 1974. கட்டுரை படித்தவர் பெயர்களே அவற்றின் ஏடுகளில் நிரம்பியுள்ளன.

கிறித்தவ நோக்கில் தாழ்மை என்பது தன்னைச் சிறியவன் என்று ஓயாது சொல்லிக்கொள்வதன்று. அங்ஙனம் சொல்லிக்கொள்பவன் கேட்பவர் மறுக்க வேண்டும் என்று காத்திருப்பவன். திறமை இறைவன் ஈந்தது. ஈந்தவன் அயலானுக்கும் ஈந்தான். ஓர் உடலின் உறுப்புகளில் ஒன்று பெருமையுற்றால் எல்லா உறுப்பும் மகிழும் என்பதே அதன் அடிப்படை. சீடர் திரண்டிருந்த ஸ்நாபக அருளப்பரிடம், மக்கள் இயேசுவை நாடிப் போகின்றனர் என்று முறையிட்டபோது, மணமகனின் தோழன் மணமகன் குரல் கேட்டு மகிழ்வது போன்ற மகிழ்ச்சி தமக்கு என்றார் அவர். மணவீட்டில் தோழனுக்கு வேலை மிகுதி. மாலை மட்டும் அவன் கழுத்தில் விழாது.

1968 சனவரிச் சென்னை மாநாட்டை ஒரு மணவீடாகவே கருதலாம். முதலமைச்சர் அண்ணாதுரையின் அரசு நகரையே விழாக்கோலம் கொள்ளச் செய்தது. கடற்கரையில் பத்துச் சிலைகள் எழுந்தன. அவற்றுள் வீரமாமுனிவர், கால்டுவெல், போப்பு ஆகிய மூவர் கிறித்தவப் பணியாளர். அவருள்ளும் பின்னிருவர் அடிகளாரின் கத்தோலிக்க சபையினர் அல்லர். ஆராய்ச்சி மாநாடு மக்கள் திருவிழாவாகவும் மாறியது. ஆய்வுக்கும் ஆரவாரத்துக்கும் எத்துணை இடைவெளி வேண்டும் என்ற வினா அன்று பிறந்து இன்றும் தீராதிருக்கின்றது. அதனை வேறொரு நாள் பேசலாம். மாநாட்டின் விளைவாகச் சென்னையில் 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் எழுந்தது. வித்திட்டவர் அதன் இயக்குநர் இருக்கையில் அமரவில்லை.

யாழ்ப்பாணத்து நான்காம் மாநாடு எளிதில் நடந்ததன்று. கொழும்பிலா யாழ்ப்பாணத்திலா என்ற பிணக்கே நெடிது வளர்ந்தது. இறுதியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் ஊர்மக்கள் தோள்கொடுக்க, 1974 சனவரித் தொடக்கத்தில் மாநாடு கூடியது. பிறந்த மண்ணில் நடந்த மாநாடு. தலைமைக் குழுவை நடத்தியவர் வேறொருவர். அடிகளார் வந்திருந்து பணிசெய்தார். சனவரி 10ஆம் நாளிரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்களிடையே காவற்படையினர் புகுந்ததால் உயிர்கள் பலியானதை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவரின் கனவு அவ்வாறு துயரத்தில் முடிந்தது. வித்தியானந்தன் பின்னர் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

அடிகளாரைக் குறையே இல்லாதவராகக் காட்டுதல் என் நோக்கமன்று. அவருடைய தமிழ்நடை பண்டிதர் நடையன்று. செய்யுள் நயம் காட்டும் இடங்களிலும் மேலோட்டமாகப் போவதுண்டு. ஒப்பியலில் விரிவு தேடியவருக்கு ஒவ்வோரிடத்தும் ஆழம் தேட நேரமில்லை. தமிழின் பெருமையைச் சொல்லும்போது அவர் குரல் உயரும். ஆனால் அப்பெருமையைப் பிறமொழிகளைத் தாழ்த்தி நிறுவும் வழக்கம் அவரிடத்தில்லை. ஒன்றே உலகம் என்று 1966இல் வந்த தம் பயண நூலுக்கு அவர் பெயரிட்டது வெறும் அணியன்று. வேறு மக்கள் தம் மொழிகளைப் பேணிய வகை கண்டு பாராட்டி, அதனை நம்மவர்க்கு எடுத்துக்காட்டுவது அவர் வழக்கம். பிறமொழியாரின் வெற்றியைக் கண்டு காயாது கற்றல் என்பதும் காய்மகாரத்துக்கு மருந்தே அன்றோ.

1980இல் யாழ்ப்பாணத்தில் தந்தை செல்வா நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்துமாறு அடிகளார் அழைக்கப்பெற்றார். எடுத்துக்கொண்ட பொருள் தமிழாராய்ச்சி கடந்து வந்த வழியும் இனிச் செல்ல வேண்டிய வழியும் என்பது. தம் வாழ்க்கைக் கதை சொல்லியிருக்கலாம்; கேட்க வந்தோரும் அதனை விரும்பியிருப்பர். அவ்வாண்டு செப்தெம்பர்த் திங்கள் முதல் நாள், அறுபத்தேழாம் வயதில், யாழ்ப்பாணத்தில் உயிர்நீத்தார். நான்கு திங்கள் சென்றபின், 1981 சனவரியில், மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியது. பல நாடுகளிலிருந்தும் அறிஞர் வந்தனர். அவருள் அவ்வேட்டிலே முதற்கட்டுரை எழுதிப் பழகிய இளைஞர் சிலர் இப்போது நரைத்த பேராசிரியராய் அமர்ந்திருந்தனர்.